நீங்கள் எந்தப் பக்கம்?

2011 நவம்பர் 2 அன்று கூடிய தமிழக அமைச்சரவை, கோட்டூர்புரத்தில் திறந்து 14 மாதம்கூட ஆகாத அண்ணா நூற்றாண்டு நூலகத்தை நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையின் டிபிஐ வளாகத்துக்கு மாற்றுவதென்றும், காலியாகும் கட்டடத்தைக் குழந்தைகளுக்கான உயர் சிறப்பு மருத்துவமனை ஆக்குவதென்றும் முடிவெடுத்தது. இரண்டே நாளில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அதன் பிறகு வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. பராமரிப்புக் குறைகளைக்கூட நீதிமன்றம் கேட்டுத்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது. இன்று காந்தி மண்டபம் சாலையில் அந்த ஒன்பது மாடிக் கட்டடம் நூலகமாகவே நிற்கிறது. சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கும் பிரிவில் போட்டித் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் காலையிலேயே இடம்பிடிக்கிறார்கள். சர்ச்சை அடங்கிவிட்டது. ஆனால் அன்று எதிர்த்தவர்களின் வாயை அடைக்க எடுத்த இரண்டு ஆயுதங்கள் இன்னும் நம் கையில்தான் இருக்கின்றன. ஒன்று, ‘இவர் திமுககாரர், அப்படித்தான் பேசுவார்’ என்பது. இன்னொன்று, ‘உணர்ச்சிவசப்படுகிறார்கள், யதார்த்தம் தெரியவில்லை’ என்பது. நூலகத்தை ஆதரித்தவர்களும் சளைத்தவர்கள் இல்லை. மாற்றத்தை ஆதரித்த எவரையும் ‘அம்மாவுக்கு ஜால்ரா’ என்று ஒரே வார்த்தையில் ஓரங்கட்டினார்கள்.

முதல் ஆயுதத்தை எடுத்துக்கொள்வோம். நூலகத்தைக் கட்டித் திறந்தவர் கருணாநிதி. இடம்மாற்ற முடிவெடுத்தவர் ஜெயலலிதா. இந்த இரு பெயர்களைச் சொன்னதுமே முழு விஷயமும் விளங்கிவிட்டதாக நமக்கு ஒரு திருப்தி வந்துவிடுகிறது. அந்தத் திருப்திதான் ஆபத்து. எதிர்த்தவர்களில் திமுகவினர் நிச்சயமாக இருந்தார்கள். அவர்கள் வைத்த காரணங்கள் என்ன? 170 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு, 12 லட்சம் நூல்களைத் தாங்கும் வகையில், நூலகத்துக்கென்றே வடிவமைத்த கட்டடம் இது. பார்வையற்றோருக்கான பிரெய்ல் பிரிவும் குழந்தைகளுக்கான தனித்தளமும் ஏற்கெனவே புழக்கத்துக்கு வந்துவிட்டன. போகவேண்டிய இடமான ‘அறிவுசார் பூங்கா’வோ இனிமேல்தான் அமைய வேண்டும். இந்த மூன்றையும் ஒரு கட்சித் தொண்டர் சொன்னாலும், அரசியலே தெரியாத ஒரு கட்டடப் பொறியாளர் சொன்னாலும், சரிபார்க்கும் வழி ஒன்றுதான். இந்த வழி நமக்குப் புதிதல்ல. மணிமேகலைக் காப்பியத்தின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் தவறான வாதங்களை வகைவகையாகப் பிரித்துக் காட்டுகிறார். கண்ணால் காண்பதற்கு முரணானது, உலக வழக்குக்கு முரணானது, தன் சொல்லுக்கே முரணானது என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. எல்லாம் வாதத்துக்குள் இருக்கும் ஓட்டைகள். வாதிடுபவர் எந்தச் சமயத்தவர் என்பது அதில் ஒரு குற்றமாக இடம்பெறவில்லை. இத்தனைக்கும் அந்தக் காப்பியமே பௌத்தத்தின் பக்கம் நின்று எழுதப்பட்டது; ஆசிரியர் அதை மறைக்கவும் இல்லை.

இரண்டாவது ஆயுதம் இன்னும் தந்திரமானது. புத்தகத்துக்காகக் கண்ணீர் விடுபவர்கள் உணர்ச்சிவாதிகள், நோயுற்ற குழந்தைகளைப் பற்றிப் பேசுபவர்கள் நடைமுறை அறிந்தவர்கள் என்று அன்று ஒரு பங்கீடு நடந்தது. யோசித்துப் பார்த்தால், அரசு முன்வைத்ததுதான் உணர்ச்சியின் உச்சம். குழந்தைகள் மருத்துவமனை வேண்டாம் என்று எவரால் வாய்திறந்து சொல்ல முடியும்? அந்த உணர்ச்சியில் பிழையேதும் இல்லை. பிழை, அதிலிருந்து தாவிய தாவலில் இருந்தது. சென்னையில் குழந்தைகளுக்குக் கூடுதல் மருத்துவ வசதி வேண்டும் என்பது ஒரு கூற்று. அது இந்தக் கட்டடத்தில்தான் அமைய வேண்டும் என்பது வேறு கூற்று. முதலாவதை ஒப்புக்கொண்டவர்கள் இரண்டாவதையும் ஒப்புக்கொண்டாக வேண்டும் என்ற நெருக்கடியை அந்தக் கனிவு உண்டாக்கியது. எழும்பூரில் அரசுக் குழந்தைகள் நல மருத்துவமனை இருக்கும்போது அதை ஏன் விரிவாக்கக் கூடாது என்ற சாதாரணக் கேள்வி, கேட்பவரைக் கல்நெஞ்சராகக் காட்டியது. பிற்காலத்தில், 2023 ஜூன் 15 அன்று, கிண்டி கிங் நிலைய வளாகத்தில் 1,000 படுக்கைகளோடு ஒரு புதிய பன்னோக்கு மருத்துவமனை திறக்கப்பட்டது. கோட்டூர்புரத்திலிருந்து அதிக தூரமில்லை. (அதற்கும் திமுக தலைவர் ஒருவரின் பெயர்தான் என்பதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையே ஒருபக்கம் சாய்ந்துவிடும்.)

உணர்ச்சியைக் கழித்துவிட்டால் சுத்தமான அறிவு மிஞ்சும் என்ற கணக்கும் தப்பு. நரம்பியல் அறிஞர் அந்தோனியோ தமாசியோ 1994இல் வெளியிட்ட நூலில் எலியட் என்ற புனைபெயரில் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். மூளையின் முன்பகுதியிலிருந்த கட்டியை அகற்றிய பிறகு அவருடைய அறிவுத்திறன் சோதனைகளில் குறையே தென்படவில்லை. உணர்ச்சி மட்டும் மங்கியிருந்தது. சாதக பாதகங்களை அழகாக அடுக்குவார், ஆனால் அன்றாடச் சில்லறை முடிவுகளைக்கூட ஒழுங்காக எடுக்க முடியாமல் வேலையையும் குடும்பத்தையும் இழந்தார். தமாசியோவின் விளக்கத்தை முழுதாக ஏற்காத ஆய்வாளர்கள் உண்டு. ஆனாலும் எது முக்கியம் என்று உறுத்தும் ஏதோ ஒன்று உள்ளே இல்லாதவருக்கு எதைச் சரிபார்க்க வேண்டும் என்பதே தோன்றாது என்பதை மறுப்பது கடினம். 2011இல் எழுத்தாளர்களும் மாணவர்களும் கோபப்பட்டிருக்காவிட்டால், அந்த அமைச்சரவை முடிவைக் கோப்பிலிருந்து எடுத்துப் படித்துப் பார்த்திருக்கவே ஆள் இருந்திருக்காது.

அப்படியானால் நடுநிலை என்பதற்கு என்னதான் பொருள்? பக்கமும் சாயக் கூடாது, நெஞ்சும் பதறக் கூடாது என்றால் அது மனிதர்களுக்கான இலக்கணம் இல்லை. இதற்கு அமெரிக்காவில் நடந்த இரண்டு ஆய்வுகள் நல்ல விடை தருகின்றன. 1979இல் சார்லஸ் லார்டு, லீ ராஸ், மார்க் லெப்பர் ஆகியோர் மரண தண்டனையை ஆதரிக்கும் 24 மாணவர்களையும் எதிர்க்கும் 24 மாணவர்களையும் அழைத்து, தண்டனை குற்றத்தைக் குறைக்கிறது என்று சொல்லும் ஓர் ஆய்வையும் குறைக்கவில்லை என்று சொல்லும் ஓர் ஆய்வையும் எல்லோரிடமும் கொடுத்தார்கள். இரு தரப்பும் தமக்கு ஒவ்வாத ஆய்வில் மட்டும் குறைகளைத் தோண்டி எடுத்தன. படித்து முடித்தபோது முன்னைவிட எட்ட விலகி நின்றன. 1984இல் லார்டும் லெப்பரும் இன்னொருவரும் இதை மீண்டும் செய்தபோது, ஒரு குழுவிடம் ‘நீதிபதியைப் போல நடுநிலையோடு மதிப்பிடுங்கள்’ என்றார்கள். பலனே இல்லை. வேறொரு குழுவிடம், ‘இதே ஆய்வு, இதே முறையில் நடந்து, எதிரான முடிவைத் தந்திருந்தால் இதே மதிப்பெண் போடுவீர்களா என்று ஒவ்வொரு கட்டத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள்’ என்றார்கள். அங்கே சாய்வு வெகுவாகக் குறைந்தது. ‘நான் நடுநிலையாளன்’ என்று தொலைக்காட்சி விவாதத்தில் முன்னுரை போட்டுவிட்டுப் பேசுகிறவர்களை எவ்வளவு நம்பலாம் என்பது இதில் தெரிகிறது. அந்த உறுதிமொழி ஒன்றையும் மாற்றுவதில்லை. பக்கங்களை இடம்மாற்றிப் போட்டுப் பார்க்கும் வேலைதான் மாற்றுகிறது.

நூலக ஆதரவாளர்களுக்கு அந்தச் சோதனை ஓமந்தூரார் தோட்டத்தில் காத்திருக்கிறது. 2010 மார்ச் 13 அன்று மன்மோகன் சிங் திறந்துவைத்த புதிய தலைமைச் செயலகத்தை, 2011 ஆகஸ்டில் மருத்துவமனையாக்கப்போவதாக ஜெயலலிதா அறிவித்தார். 2014 பிப்ரவரியில் ஆக்கியும் காட்டினார். அது இன்றுவரை ஏழை நோயாளிகள் நம்பி வரும் அரசு மருத்துவமனையாக இயங்குகிறது. 2021இல் ஆட்சி மாறிய பிறகும் அதை மீண்டும் செயலகமாக மாற்றிவிடவில்லை. ஆகவே, ‘வேறு காரியத்துக்குக் கட்டிய கட்டடம் ஒருபோதும் மருத்துவமனை ஆக முடியாது’ என்று கோட்டூர்புரத்துக்காக முழங்கிய வாதம் அண்ணா சாலையில் அடிபட்டுப் போயிற்று. இதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. ஒப்புக்கொண்ட பிறகும் மற்ற வாதங்கள் நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும்; நிற்கின்றன. அரசுக்குத் திரும்பிப் போகப் பழைய செயலகமான கோட்டை இருந்தது. வாசகருக்கு அப்படி ஒரு பழைய இடம் இல்லை. இருந்தது வருங்காலப் பூங்கா பற்றிய வாக்குறுதி மட்டுமே. ஒன்றை எதிர்த்து மற்றொன்றை ஏற்பவர் இந்த வேறுபாட்டைச் சொன்னால் அவர் பேச்சில் முரண் இல்லை. சொல்லாமல் இரண்டையும் ஏற்றாலோ, இரண்டையும் எதிர்த்தாலோகூட அது வெறும் கட்சிக் கணக்கு ஆகலாம்.

ஒரு நியாயமான மறுப்பு உண்டு. பேசுபவரின் சார்பைப் பார்க்கவே கூடாது என்றால் ஏமாந்துபோக மாட்டோமா? பார்க்கத்தான் வேண்டும், ஆனால் எங்கே என்பதில் தெளிவு வேண்டும். ‘என்னை நம்புங்கள், புத்தகங்கள் பத்திரமாகப் போய்ச் சேரும்’ என்று ஒருவர் சொன்னால், சரிபார்க்க வழியில்லாததை நம்பச் சொல்கிறார். அவருக்கு இதில் என்ன ஆதாயம் என்று கேட்பது நம் கடமை. அரசின் முடிவுக்குப் பின்னால் உள்நோக்கம் இருக்கிறதா என்று நீதிமன்றங்கள் ஆராய்வதும் இதனால்தான். ஆனால் காரணத்தையும் கணக்கையும் மேசைமேல் வைத்துவிட்டவரிடம் சாதிச் சான்றிதழ் கேட்பதுபோல் கட்சிச் சான்றிதழ் கேட்பது, கணக்கைப் பார்க்கச் சோம்பல் என்பதைத்தான் காட்டும்.

இன்னொரு மறுப்பு, அளவுகோல் மாறக் கூடாது என்ற இந்தச் சோதனையே நம் ஊரில் கெட்டுப்போன சரக்கு என்பது. ‘அன்னைக்கு அவங்க செஞ்சப்போ நீங்க எங்க போனீங்க?’ என்ற கேள்வி எந்த விவாதத்தையும் ஐந்து நிமிடத்தில் கொன்றுவிடும். உண்மைதான். அந்தக் கேள்வியில் எதிராளிக்கு இரட்டை நாக்கு என்று நிரூபிக்கலாம். நூலகம் இருக்க வேண்டுமா போக வேண்டுமா என்பதற்கு அதில் விடை கிடையாது. 1984 ஆய்வில் மாணவர்கள் அதை அடுத்தவரிடம் கேட்கவில்லை, தங்களையே கேட்டுக்கொண்டார்கள். கட்சி விவாதங்களில் எவரும் அப்படிச் செய்யப்போவதில்லை என்பது என் கணிப்பு. வாக்கு கேட்டு நிற்பவர்களிடம் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. ஆனால் வரிப்பணத்தில் எழுந்த ஒரு கட்டடத்தின் பெயர்ப்பலகையை அடுத்து எந்த ஆட்சி கழற்றும்போதும், கழற்றியவர் யார் என்று தெரிந்துகொள்ளும் முன்பே அது சரியா தவறா என்று எழுதிவைக்க வாசகரால் முடியும்.