சரளைப் பாதைக்கு நாலு லட்சமா?

மார்ச் குளோசிங், அது முடிஞ்சா ஆடிட், அதுவும் முடிஞ்சா டிரான்ஸ்ஃபர் லிஸ்ட் பத்தின வதந்தி. ஆணி ஜாஸ்தியாகி இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தே மூணு மாசம் ஆச்சு. இன்னும் யாராவது படிக்கிறீங்களா மக்களே? இன்னிக்குக் கொஞ்சம் சூடாத்தான் எழுதப் போறேன், கோவிச்சுக்காதீங்க.

போன ஞாயித்துக்கிழமை எங்க புனே அபார்ட்மெண்ட் நண்பர் ஒருத்தர் வீட்டுக்கு வந்தார். கும்பகோணத்துக்காரர், ஐ.டி.யில பெரிய வேலை. தங்கமணி காபி கொண்டு வர்றதுக்குள்ள விஷயத்தைப் போட்டு உடைச்சார். "சார், கிராவல் பைக் வாங்கப் போறேன். நாலு லட்சம். உங்க பிராஞ்ச்ல பர்சனல் லோன் என்ன ரேட்?"

கிராவல் பைக்னா தெரியாதவங்களுக்கு: ரேஸ் சைக்கிள் மாதிரி ஹேண்டில்பார் வளைஞ்சிருக்கும், டயர் மட்டும் நல்லாப் பருமனா 40 மில்லிமீட்டர் வாக்கில இருக்கும், டிஸ்க் பிரேக். சரளைக்கல், மண் ரோடு எல்லாத்துலயும் போகும். மோட்டார் கிடையாது. நாலு லட்சம் குடுத்துட்டு நாமதான் மிதிக்கணும்.

"இங்க எங்க சார் ஓட்டப் போறீங்க?"

"இங்க இல்ல சார், அடுத்த ஜூன் பிரான்ஸ். கிராமம் கிராமமா. ஆளே இல்லாத ரோடு சார். இதெல்லாம் புது கான்செப்ட். மேப்ல ஒரு கோடு போட்டாப் போதும், நம்ம இஷ்டத்துக்குப் போய்க்கிட்டே இருக்கலாம்."

ரேட் சொன்னேன். அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் சண்டை.

புது கான்செப்டாம்! கிராவல்ங்கிற பேரு வேணா புதுசு. அமெரிக்காவுல கான்சாஸ் பக்கம் 2006ல ஆரம்பிச்ச ரேஸ், அதை ஒட்டி வந்த கூட்டம், 2022ல உலக சாம்பியன்ஷிப். கம்பெனிக்காரனுக்கு இன்னொரு சைக்கிள் விக்க வழி கிடைச்சது. ஆனா 1903ல முதல் டூர் த பிரான்ஸ் ஓட்டினவங்க என்ன தார் ரோட்லயா ஓட்டினாங்க? சேன்த் எத்தியேன் ஊர்ல போல் த விவீன்னு ஒருத்தர், வெலோசியோங்கிற புனைபேர்ல 1887லயே சைக்கிளுக்குன்னு பத்திரிகை ஆரம்பிச்சவர். மலைப்பாதைல கியர் மாத்தி ஓட்டறதுல அவமானம் ஒண்ணுமில்லன்னு தொண்டை கிழியக் கத்தினார். டூர் நடத்தினவங்க 1937 வரைக்கும் டெரெய்லரை உள்ள விடலை. அதைப் பார்க்க அவர் இல்ல, 1930ல டிராம் மோதி இறந்துட்டார். இன்னிக்கு அதே கியர் 'கிராவலுக்குன்னே ஸ்பெஷல்'னு தனி விலைக்கு வருது.

நம்ம நண்பருக்கு ஆசை வந்தது டி.வி.யைப் பார்த்து. 2024 ஜூலை 7, டூரோட ஒன்பதாவது ஸ்டேஜ், த்ருவா ஊரைச் சுத்தி வெள்ளைப் பாதைல 14 துண்டா 32 கிலோமீட்டர். புழுதி பறந்தது, அழகாத்தான் இருந்தது. ஆனா அது ரேஸுக்காகப் போட்ட ரோடு இல்ல சாமி. திராட்சைத் தோட்டத்துக்கும் வயலுக்கும் டிராக்டர் போற வழி.

சரி, எனக்கென்ன தெரியும்னு நீங்க கேக்கலாம். மச்சினன் நாந்த் ஊர்ல வேலை பார்க்கறான். 2023ல குடும்பத்தோட போயிருந்தோம். (எல்.எஃப்.சி.ல வெளிநாடு போனா அதுக்கு வரிவிலக்கு கிடையாதுன்னு 2022லயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. முழுக்கச் சொந்தக் காசு. இந்த வயித்தெரிச்சலை வேற எங்க கொட்டறது?) அங்க நாந்த்லேர்ந்து ப்ரெஸ்த் வரைக்கும் 364 கிலோமீட்டருக்கு ஒரு பழைய கால்வாய் இருக்கு. அதோட கரையில படகை இழுத்துக்கிட்டுப் போறதுக்காக இருந்த மண்பாதை இப்ப சைக்கிள் பாதை. "மாமா, என் சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போங்க"ன்னான். பசங்களை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போற சாதா சைக்கிள், பின்னாடி கேரியர், மட்கார்டு. ஆறு நாள் மிதிச்சு கார்ஹே வரைக்கும் போய்ட்டு ரயிலேறி வந்தேன். ஒரே ஒரு பஞ்சர். ஜோஸ்லான்ல ஆத்தங்கரையில மூணு கோபுரத்தோட கோட்டை, வழியெல்லாம் மதகு, மதகுக்கு ஒரு காவல்காரர் வீடு, வீட்டு வாசல்ல ரோஜாச் செடி. நாப்பத்தஞ்சு வயசு முட்டி தாங்கினா உங்க முட்டியும் தாங்கும்.

மாசிஃப் சென்ட்ரல் மலையைக் குறுக்கே தாண்டி மத்தியதரைக் கடல் வரைக்கும் சுமார் 1,400 கிலோமீட்டர் ரூட் ஒண்ணு இருக்கு. அதுக்கு நல்ல சைக்கிள் வேணும், ஒத்துக்கறேன். நண்பர் அங்க போகலை.

காசு அவர் காசு, விடுங்க. பி.காம். படிச்ச மூளை டிப்ரீசியேஷன் கணக்குப் போட்டுட்டு அடங்கிடும். எனக்குப் பத்திக்கிட்டு வந்தது அந்த 'ஆளே இல்லாத ரோடு'தான்.

அந்தக் கால்வாயை வெட்டச் சொன்னது நெப்போலியன். இங்கிலாந்துக் கடற்படை கடல் வழியை அடைச்சதால உள்நாட்டு வழி வேணும்னு. அதுல உசரமான இடம் குளோமெல். அங்க ஆழமா வெட்டின பள்ளத்துக்குள்ள சைக்கிள்ல போறப்ப ரெண்டு பக்கமும் மரம், ஜில்லுனு இருக்கும். 1823லேர்ந்து 1832 வரைக்கும் அதை வெட்டினது ப்ரெஸ்த் சிறையிலேர்ந்து கொண்டு வந்த கைதிங்க. ஆளே இல்லையாம்!

அடுத்தது 'மேப்ல கோடு'. பிரான்ஸ்ல கிராமத்து மண்பாதைங்க நிறைய கம்யூனுக்கு, அதாவது நம்ம பஞ்சாயத்து மாதிரியான அமைப்புக்குச் சொந்தம். ஆனா சட்டப்படி அது கம்யூனோட தனிச்சொத்துக் கணக்குல வருது. பேங்க்ல டைட்டில் பார்க்கறவனுக்கு உடனே உதைக்கும். பக்கத்து வயல்காரர் பாதையையும் சேத்து உழுது முப்பது வருஷம் அனுபவிச்சா, அனுபவ பாத்தியதை கேக்கலாம். பாதையை யாரும் பயன்படுத்தலைன்னா கம்யூன் வித்துடவும் செய்யலாம். போதாக்குறைக்கு 1960, 70கள்ல நிலத்தை ஒண்ணாச் சேத்துப் பெரிய வயலாக்கறேன்னு பிரெத்தோன் பகுதியில வேலிக் கரைகளையும் பள்ளப் பாதைகளையும் புல்டோசர் வெச்சு நிரவினாங்க. மிஞ்சினதைக் காப்பாத்த 1983ல ஒரு சட்டம், மாவட்ட நடைபாதைப் பட்டியல்ல இருக்கற பாதையை வித்தா மாத்துப்பாதை குடுக்கணும்னு. 2022ல இன்னொண்ணு, கம்யூன் தன் பாதைகளைக் கணக்கெடுக்கற காலத்துல பாத்தியதைக் கெடு ஓடாதுன்னு. எதிர்ப்பக்கமும் சும்மா இல்ல. 2023 பிப்ரவரியில வந்த சட்டப்படி, தனியார் நிலம்னு போர்டு வெச்ச காட்டுக்குள்ள போனா அபராதம். இலையுதிர் காலத்துல 'வேட்டை நடக்குது'ன்னு போர்டு பார்த்தும் உள்ள போனா அபராதத்தை விடப் பெரிசாவும் கிடைக்கும் :-) இஷ்டத்துக்குக் கோடு போடறதாம்.

இப்ப இதைக் கேளுங்க. சண்டை உச்சத்துக்குப் போனது இங்கதான்.

பிரெத்தோன் பகுதியோட மேற்கு ஓரத்துல லியோன்னு ஒரு வட்டாரம். 1984லேர்ந்து அங்க ட்ரோ ப்ரோ லியோன்னு ஒரு ரேஸ். வயலுக்குப் போற மண்பாதைல ஓட்டணும். அந்தப் பாதைக்கு அவங்க பாஷையில ரிபினூன்னு பேரு. முதல்ல வர்ற உள்ளூர்க்காரருக்குப் பரிசு ஒரு பன்னிக்குட்டி, நிஜமா. இதை ஆரம்பிச்ச ஜான் போல் மெலுவே ரேஸ் நடத்தினது எதுக்குத் தெரியுமா? பிரெத்தோன் மொழியில பாடம் நடத்தற தீவான் பள்ளிக்கூடத்துக்குப் பணம் சேக்கறதுக்கு. தீவான்னா முளை. முதல் பள்ளி 1977ல அதே வட்டாரத்துல. ஒரு காலத்துல ஸ்கூல்ல பிரெத்தோன் பேசின பையன் கழுத்துல எதையாவது மாட்டி அவமானப்படுத்துவாங்களாம். 1992ல அரசியல் சட்டத்துலயே குடியரசின் மொழி பிரெஞ்சுன்னு எழுதிட்டாங்க. 2021 மே மாசம், தாய்மொழியிலேயே முழுக்கப் பாடம் நடத்தறதை அனுமதிக்கற பிரிவை அரசியல் சட்டக் கவுன்சில் ரத்து பண்ணிடுச்சு. பேசறவங்க 2018 கணக்குல சுமார் 2 லட்சம் பேர், 2024ல சுமார் 1 லட்சத்து 7 ஆயிரம். ஆறு வருஷத்துல பாதி. வராக்கடன் கூட இவ்வளவு வேகமா ரைட்-ஆஃப் ஆகாது.

அந்த ஊர்ப் பாதை ஆளில்லாத பாதை இல்ல சார், ஆளுங்க தங்களோட பேச்சைக் காப்பாத்தறதுக்காக ஓட்டின பாதைன்னேன்.

"அதுக்கும் எனக்கும் என்ன சார் சம்பந்தம்?"

வாயில வந்துடுச்சு. போன மாசம் எங்க காம்ப்ளக்ஸ்ல தமிழ் கிளாஸ் ஆரம்பிக்கலாம்னு வீடு வீடாப் போனோம். டீச்சருக்கு மாசம் ஐந்நூறு ரூபா. முப்பத்தி ரெண்டு தமிழ்க் குடும்பம் இருக்கு. ஸ்விம்மிங் இருக்கு, ரோபாடிக்ஸ் இருக்கு, இந்தியே தடுமாறுது, மராத்தி வேற கட்டாயம். எல்லாம் நியாயமான காரணம்தான். நண்பர் சொன்னது "பார்க்கலாம் சார்". நாலு லட்சத்துக்கு மட்டும் 'பார்க்கலாம்' இல்ல, ரேட் என்னன்னு கேள்வி. இதைச் சொன்னேன். கொஞ்சம் ஓவர்தான். காபி ஆறிப் போச்சு, தங்கமணி உள்ளேர்ந்து முறைக்கறது தெரிஞ்சது.

அவரும் விடலை. "உங்க பொண்ணு தமிழ் படிப்பாளா சார்?"

படிக்க மாட்டா. கார்ஹேல பிரெத்தோன்லயே நடக்கற மேல்நிலைப் பள்ளி இருக்கு. அதோட வாசல்ல போர்டை போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பினேன். "கூல் பா"ன்னு பதில் வந்தது, இங்கிலீஷ் எழுத்துல. பதினாலு வருஷமா மூணு மாநிலம் மாத்தலாகி, அடுத்த ஊர்ல பார்த்துக்கலாம்னு தள்ளிப் போட்டது நான்தான். அவ இல்ல.

லோன் சாங்ஷன் ஆயிடுச்சு. அவர் சம்பளத்துக்கு மறுக்க ஒரு காரணமும் இல்ல. கால்வாய் ரூட்டை அனுப்பியிருக்கேன், அதுல போறதாச் சொல்லியிருக்கார். பையனை அனுப்பறது? "பார்க்கலாம் சார்."

டிஸ்கி: கிளாஸ் ஞாயிறு காலை பத்து மணி, சி விங் கிளப் ஹவுஸ். இப்போதைக்கு ஏழு பொடிசுங்க. எட்டாவதா என் பொண்ணு, பதினாறு வயசுல பின் வரிசையில உக்காந்து ஆனா ஆவன்னா எழுதறா.