நம் வீட்டுச் சிக்னல், பக்கத்து வீட்டுச் சிக்கல்

சுங்கை காடுட்டில் எங்கள் வீட்டுப் பின்னறையில் கைப்பேசிச் சிக்னல் எப்போதும் ஒரு கோடுதான். 2021-இல் இயங்கலை வகுப்புகள் நடந்தபோது, என் நச்சரிப்பு தாங்காமல் அப்பா இணையத்தில் ஒரு சிக்னல் பெருக்கியை வாங்கி மாட்டினார். கோடுகள் ஏறின. வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி.

சில வாரங்களில் பக்கத்து வீட்டு ஆன்ட்டி, "பேசிக்கிட்டு இருக்கும்போதே லைன் அறுந்து போகுதுப்பா" என்று குறைபட்டுக்கொண்டார். நாங்களும் சேர்ந்து கோபுரத்தைத் திட்டினோம். பல்கலைக்கழகத்தில் மின்னியல் பொறியியல் படிக்கத் தொடங்கிய பிறகே எனக்குச் சந்தேகம் வந்தது. விடுமுறையில் வந்து பெருக்கியைக் கழற்றினேன். ஆன்ட்டியின் புகாரும் நின்றது.

கைப்பேசிக்கான அலைக்கற்றை அளவானது. அதை எப்படிக் கோடிக்கணக்கானோர் பயன்படுத்துகிறோம்? 1947-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டக்ளஸ் ரிங் ஒரு வழி சொன்னார். ஊரைச் சிறு சிறு 'செல்'களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் குறைந்த சக்தியில் ஒரு கோபுரம் வைத்தால், சற்றுத் தள்ளியுள்ள செல்லில் அதே அலைவரிசையை மீண்டும் பயன்படுத்தலாம். இரண்டு தோட்டக் கோயில்களில் ஒரே நேரத்தில் ஒலிபெருக்கி பாடுவது போலத்தான் இது. சத்தம் அளவோடு இருந்தால் இரண்டு திருவிழாவும் நடக்கும். ஒன்று எல்லை மீறினால் மற்றதில் எதுவும் கேட்காது.

இன்றைய 4ஜி-யில் அடுத்தடுத்த கோபுரங்களே ஒரே அலைவரிசையில் இயங்குகின்றன. யார் எவ்வளவு சக்தியில் பேசுவது என்று கோபுரங்களும் கைப்பேசிகளும் நொடிக்கு நொடி சரிசெய்துகொள்கின்றன. நாம் வாங்கும் மலிவான பெருக்கிக்கு இந்தக் கட்டுப்பாடு தெரியாது. அது இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கிக் கோபுரத்தின் காதில் கத்துகிறது. பக்கத்து வீட்டுக் கைப்பேசியின் மெல்லிய குரல் அதில் அமுங்கிவிடுகிறது.

அலைக்கற்றைக்காக நாடு எவ்வளவு செய்திருக்கிறது! 2019-இல் அனலாக் தொலைக்காட்சி நிறுத்தப்பட்டு, 700 மெகாஹெர்ட்ஸ் காலியாகி 5ஜி-க்குப் போனது. 2021 இறுதியில் 3ஜி மூடப்பட்டு 4ஜி-க்கு இடம் விட்டது. இப்படிப் பார்த்துப் பார்த்து ஒதுக்கியதை ஒரு சிறு பெட்டியால் நாம் கெடுக்கலாமா? அனுமதியில்லாத பெருக்கியைப் பயன்படுத்துவது, 1998-ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டப்படி குற்றமும்கூட.

சிக்னல் இல்லாத இடங்கள் இருப்பது உண்மை. அதற்கு நிறுவனத்திடம் புகார் செய்வோம். தீராவிட்டால் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் போவோம். வீட்டில் வைஃபை இருந்தால் அதன்வழி அழைக்கும் வசதியைப் பயன்படுத்துவோம்.

வீட்டில் இதையெல்லாம் வாங்கச் சொல்வது பெரும்பாலும் மாணவர்களாகிய நாம்தான். வேண்டாம் என்று சொல்ல வேண்டியவர்களும் நாமே.