மேடையும் பரணும்

நம் வீட்டு மடிக்கணினிக்கு வயது பதினொன்று பூர்த்தியாகிவிட்டது. காலையில் பொத்தானை அழுத்திவிட்டு ஸ்நானம் செய்து வந்தால், அப்பொழுதுதான் அது கண் விழிக்கலாமா என்று யோசித்துக் கொண்டிருக்கும். கடைக்காரர், "ஸார், இதைத் தலை முழுகிவிட்டுப் புதிதாய் வாங்குங்கள்" என்றார். மாதக் கடைசியில் ஓர் உபாத்தியாயரிடம் சொல்லத்தக்க வார்த்தையா அது? நாமே திறந்து பார்ப்பதென்று தீர்மானித்தோம்.

"சுவர்க் கடிகாரத்தை ரிப்பேர் செய்தீர்களே, அந்த மாதிரியா?" என்று கேட்டாள் நம் இல்லாள். அக்கடிகாரம் இன்றளவும் மௌன விரதம் காப்பது உண்மையே. போதாக்குறைக்கு, காலஞ்சென்ற நம் தகப்பனாரின் படங்கள் அத்தனையும் அக்கணினிக்குள்தான் இருந்தன. வேறெங்கும் பிரதி இல்லை.

கணினியின் 'ராம்' என்பது சமையலறை மேடை போன்றது. ஹார்ட் டிஸ்க் பரண் போன்றது. மேடை சிறிதாயிருந்தால் சாமான்களை ஓயாமல் பரணில் ஏற்றி இறக்க வேண்டியிருக்கும். நம் கணினியில் மேடை 4 ஜி.பி.தான். பரணோ, நிமிஷத்துக்கு 5400 சுற்றுச் சுழலும் தட்டு. எஸ்.எஸ்.டி.யில் சுழல்வது எதுவுமில்லை. ஆகவே கேட்டதும் கொடுக்கிறது.

முதலில் படங்களை வேறொரு டிஸ்கில் பிரதி எடுத்தோம். நேயர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறத்தலாகாது. பிறகு யு.எஸ்.பி. கேபிள் மூலம் பழைய டிஸ்கை அப்படியே புதிய எஸ்.எஸ்.டி.க்கு நகல் செய்தோம். ராம் வாங்குமுன் அதன் ஜாதியைப் பார்க்க வேண்டும். நம்முடையது டி.டி.ஆர்.3எல், அதில் டி.டி.ஆர்.4 பொருந்தாது, வெட்டு வேறிடத்தில் இருக்கும். சில மெல்லிய கணினிகளில் ராமைப் பலகையோடு பற்றவைத்திருப்பார்கள். அவற்றில் மாற்ற வழியில்லை.

மின்சாரத்தையும் பாட்டரியையும் நீக்கி, உடம்பிலுள்ள நிலைமின்சாரம் போக உலோகத்தைத் தொட்டுவிட்டு, ஆணிகளை ஒரு தட்டில் வரிசையாக வைத்தோம். டிஸ்கை மாற்றினோம். காலியாயிருந்த இடத்தில் புதிய ராமைச் சாய்வாகச் செருகி அழுத்தினோம். மூடிப் பொத்தானை அழுத்தினால், திரை அமாவாசையாயிருந்தது! இல்லாள் ஒன்றும் பேசவில்லை. சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்த்தாள்.

மறுபடி திறந்தோம். ராம் முழுவதும் இறங்கவில்லை. இரு பக்கத்துக் கொக்கிகளும் 'க்ளிக்' என்று பிடிக்குமட்டும் அழுத்தினோம். இம்முறை ஒரு நிமிஷத்துக்குள் திரை மலர்ந்தது. இல்லாள் முதலில் திறந்தது நம் தகப்பனார் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் படத்தை.

ஒன்று சொல்லியாக வேண்டும். விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்துவிட்டது. ராம் கூட்டினால் அக்குறை தீராது. லினக்ஸ் போன்ற வேறு வழி தேட வேண்டும். அதுவே நம் அடுத்த முயற்சி. படங்களுக்கு இப்பொழுது இரண்டு பிரதிகள் இருப்பதால், இல்லாளும் தடை சொல்லவில்லை.

சுவர்க் கடிகாரத்தை மட்டும் தொடக் கூடாதாம்.