படிகளும் மாரடைப்பும்

மாரடைப்பு பெரிய உத்தியோகத்தர்களின் நோய் என்றுதான் ஊரில் நாங்கள் நம்பியிருந்தோம். அதிபரோ கச்சேரி அதிகாரியோ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால் 'யோசினை கூடிப்போச்சு' என்பார்கள். பிரித்தானியரும் ஏறத்தாழ அப்படித்தான் நினைத்திருந்தார்கள், 1967இல் வைற்ஹோல் ஆய்வு தொடங்கும் வரையில்.

இலண்டன் அரச அலுவலகங்களில் பணியாற்றிய சுமார் 18,000 ஆண்களை அவதானித்த ஆய்வு அது. அடிமட்டத்திலிருந்த வாயிற்காவலரும் கடிதம் சுமந்த சிற்றூழியரும் இருதய நோயால் இறந்த வீதம், உச்சியிலிருந்த நிர்வாகிகளைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் என்று மைக்கேல் மார்மொட் முதலானோர் கண்டனர். இவர்களில் எவரும் பட்டினி கிடந்தவரல்லர். நிரந்தர வேலை, ஒரே நகரம், 1948 முதல் இலவச வைத்தியம். ஆயினும் ஒவ்வொரு படிக்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. இரண்டாம் படியில் நின்றவர்களின் கதியும் முதற்படிக்காரரைவிட மோசம். புகைத்தல், கொழுப்பு, இரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் இடைவெளியின் பெரும்பகுதி எஞ்சியது. 1985இல் பெண்களையும் சேர்த்துத் தொடங்கிய இரண்டாவது ஆய்வு ஒரு காரணத்தைச் சுட்டியது: தன் வேலைமீது தனக்கு எவ்வளவு அதிகாரம் உண்டு என்பது.

இதை வாசிக்கையில் என் நண்பர் ஒருவர் நினைவில் வந்தார். ஊரில் கணித ஆசிரியர். இங்கே பதினொரு வருடம் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. தனியாள். மலசலகூடம் போவதற்கும் வாடிக்கையாளர் வராத நேரம் பார்க்கவேண்டும். எவராவது காசு கொடாமல் ஓடினால் சம்பளத்தில் பிடிப்பார்கள். 52 வயதில் முதல் மாரடைப்பு. வைத்தியர் சோற்றையும் உப்பையும் குறைக்கச் சொன்னார், குறைத்தார். இரவு வேலையைக் குறைக்கும்படி எவரும் மருந்துச்சீட்டு எழுதவில்லை.

இங்கிலாந்தின் மிக வறிய பகுதிகளில் வாழ்வோர், செல்வப் பகுதியினரைவிடச் சராசரியாக 7 ஆண்டுகள் முந்தி இறப்பதாக மார்மொட் 2010இல் அறிக்கையிட்டார். உடற்குறையின்றி வாழும் காலத்திலோ இடைவெளி 17 ஆண்டுகள். பத்தாண்டுகளின் பின், 2020இல், நிலைமை திருந்தவில்லை என்று மீண்டும் எழுதினார். மிக வறிய பகுதிகளின் பெண்களுக்கு ஆயுள் குறைந்தே போயிருந்தது.

'பிள்ளைகள் படித்து ஏறிவிடுங்கள்' என்று நம்மவர் சொல்வதை நான் மறுக்கவில்லை. பலர் ஏறியிருக்கிறார்கள். ஆனால் நாட்டில் நூற்றுக்கு 7 பேரே தனியார் பாடசாலையில் படித்தவர்கள். 2019இல் அமைச்சுகளின் நிரந்தரச் செயலாளர்களில் நூற்றுக்கு 59 பேர் அங்கிருந்து வந்தவர்கள். அதே வைற்ஹோலின் உச்சிப்படிதான் அது.

நண்பரின் மகளுக்கு இப்போது அங்கே ஓர் அமைச்சில் வேலை. என்ன தரம் என்று போன மாதம் கேட்டேன். ஏன் மாமா கேட்கிறீங்கள் என்றாள்.