ஆராய்ச்சிக் கப்பலில் நமக்கு ஓர் இடம்

2003-ம் வருஷத்தில் மாலத்தீவுக்கு வந்து சேர்ந்தது 'ஒடிஸி' என்ற பாய்க் கப்பல். நீளம் 93 அடி. அமெரிக்கத் திமிங்கில நிபுணர் ரோஜர் பெய்ன் தோற்றுவித்த 'ஓஷன் அலையன்ஸ்' ஸ்தாபனத்தார் அதில் ஏறி உலகத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். மனிதன் கடலில் கொட்டும் விஷப் பொருள்கள் திமிங்கிலத்தின் உடம்பில் எவ்வளவு ஏறியிருக்கின்றன என்று பார்ப்பது அவர்கள் வேலை. மாலத்தீவில் அந்தக் கப்பலில் ஒரு புது ஆள் சேர்ந்தார். இலங்கைப் பெண், வயது இருபத்து நான்குக்கு மேலிராது. அவருக்குக் கிடைத்த உத்தியோகம், கப்பலிலிருந்த பித்தளைச் சாமான்களைத் தேய்த்துத் துலக்குவது.

அதுவும் சும்மா கிடைத்துவிடவில்லை. விடாமல் எழுதி எழுதிக் கேட்டு வாங்கிய இடம் அது. "பித்தளை தேய்க்கவா பெண்ணை ஸ்காட்லாந்து வரை அனுப்பிப் படிக்க வைத்தோம்?" என்று நம் ஊரில் எந்தத் தகப்பனாரும் கேட்டிருப்பார். ஆஷா டி வோஸ் அப்படி நினைக்கவில்லை. கப்பல் அடுத்தபடியாக இலங்கைக்குப் போகப் போகிறது. தன் தேசத்துக் கடலை ஆராயும்போது தான் அந்தக் கப்பலில் இருக்கவேண்டும் என்பது ஒன்றே அவருடைய எண்ணம்.

ஆஷா 1979-ல் பிறந்தவர், கொழும்பில் வளர்ந்தவர். குழந்தைப் பருவத்தில் பெற்றோர் வாங்கி வந்து கொடுத்த பழைய 'நேஷனல் ஜியாகிரபிக்' பத்திரிகைகளைப் பார்த்துப் பார்த்து, யாரும் போகாத இடத்துக்குப் போய் யாரும் காணாததைக் காணவேண்டுமென்று ஆசைப்பட்டாராம். ஆசை எல்லாருக்கும் வரும். இவரோ ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் சர்வகலாசாலையில் கடல் உயிரியல் படித்தார். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டில் மேற்பட்டம் பெற்றார். ஆஸ்திரேலியாவின் மேற்கு ஆஸ்திரேலிய சர்வகலாசாலையில் நீலத் திமிங்கிலத்தைப் பற்றி ஆராய்ந்து டாக்டரானார். பிறகு அமெரிக்காவில் கலிபோர்னியா சர்வகலாசாலையின் சான்டா குரூஸ் கிளையிலும் ஆராய்ச்சி செய்தார். கடல்வாழ் பாலூட்டிகளைப் பற்றிய ஆராய்ச்சியில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் இலங்கையர் இவர்தான். நான்கு பக்கமும் கடல் சூழ்ந்த ஒரு தீவில், இந்த நூற்றாண்டு பிறந்த பிறகுதான் இப்படி ஒருவர் தோன்றினார் என்பதைச் சற்று நினைத்துப் பார்க்கவேண்டும்.

இலங்கைக் கடலில் 'ஒடிஸி' போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் ஆறு நீலத் திமிங்கிலங்கள் ஒரே இடத்தில் தென்பட்டன. தண்ணீரின்மேல் செந்நிறமாக ஏதோ மிதந்தது. அது திமிங்கிலத்தின் சாணம். வாசகர்கள் முகம் சுளிக்க வேண்டாம். டாக்டர் டி வோஸின் வாழ்க்கைப் பாதையைத் தீர்மானித்தது அதுதான். நீலத் திமிங்கிலம் துருவத்தை ஒட்டிய குளிர்ந்த கடலில் இரை தின்னும், வெப்பக் கடலுக்குக் குட்டி போடவும் இனம் பெருக்கவும் மட்டும் வரும் என்பது அவர் சர்வகலாசாலையில் படித்த பாடம். இரை தின்னாத பிராணி சாணமிடுமா? பூமத்திய ரேகைக்கு ஆறு டிகிரி வடக்கே, வெதுவெதுப்பான தண்ணீரில், இவை வயிறாரத் தின்றுகொண்டிருந்தன!

வட இந்து சமுத்திரத்து நீலத் திமிங்கிலங்கள் மற்ற இடத்து உறவினர்களைப்போல் துருவத்துக்கும் வெப்பக் கடலுக்குமாக நெடும் பிரயாணம் செய்வதில்லை. வருஷம் முழுவதும் இந்தப் பக்கத்திலேயே உலவுகின்றன. இலங்கையின் தென்கரையில் கரையை விட்டுச் சில மைல் போவதற்குள்ளேயே கடல் திடீரென்று ஆழமாகிவிடுகிறது. பருவக் காற்றும் நீரோட்டமும் சேர்ந்து ஆழத்திலுள்ள சத்து மிகுந்த தண்ணீரை மேலே கொண்டுவரும், நுண்ணுயிர் பெருகும், அதைத் தின்னச் சிற்றிறால் கூடும், சிற்றிறாலைத் தின்னத் திமிங்கிலம் வரும். டாக்டர் டி வோஸும் கூட்டாளிகளும் அந்தச் சாணத்தையே பரிசோதித்து 2018-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். மற்றக் கடல்களில் நீலத் திமிங்கிலத்துக்கு 'கிரில்' என்ற இறாலினமே ஆகாரம். இங்கே அது பெரும்பாலும் தின்பது 'செர்ஜெஸ்டிட்' என்ற வேறு குடும்பத்து இறால். எண்பது அடி நீளமுள்ள பிராணி என்ன சாப்பிடுகிறது என்பதே நமக்கு இப்போதுதான் தெளிவாகிறது.

இதுவரை யாரும் இந்தப் பக்கம் வரவில்லையா என்றால், வந்திருக்கிறார்கள். 1960-களின் முதற்பாதியில் சர்வதேச இந்து சமுத்திர ஆராய்ச்சி நடந்தபோது நாற்பதுக்கு மேற்பட்ட கப்பல்கள் பல தேசக் கொடிகளுடன் வந்து அலசின. அதே சமயத்தில், 1963 முதல் 1966 வரை, சோவியத் வேட்டைக் கப்பல்கள் சர்வதேச விதிகளை மீறி இந்த வட இந்து சமுத்திரத்தில் 1,200-க்கு மேற்பட்ட நீலத் திமிங்கிலங்களைக் கொன்று தீர்த்தன. ஒரு பக்கம் நுண்ணுயிரை எண்ணிக்கொண்டிருந்தார்கள். மறுபக்கம் கடலின் மிகப் பெரிய பிராணி கணக்கில் வராமலே அழிந்துகொண்டிருந்தது. உண்மைக் கணக்கு வெளிவந்ததெல்லாம் 1990-களில், அந்த நாட்டு விஞ்ஞானிகளே மறைத்து வைத்திருந்த குறிப்புகளைக் கொண்டுதான்.

வருகிறவர்கள் வந்து போவதைப் பற்றி டாக்டர் டி வோஸுக்கு ஒரு குறை உண்டு. 'பாரசூட் சயன்ஸ்' என்று அதற்கு இப்போது பெயர் வழங்குகிறது. பணமுள்ள தேசத்திலிருந்து ஆராய்ச்சியாளர் குடையில் இறங்குவதுபோல் வந்து இறங்குகிறார், மாதிரிகளை எடுத்துக்கொள்கிறார், உள்ளூர் மீனவரைப் படகோட்டச் சொல்கிறார், ஊருக்குத் திரும்பிக் கட்டுரை எழுதுகிறார். கட்டுரையில் அந்தத் தேசத்தவர் பெயர் ஒன்றுகூட இராது. 2021-ல் 'கரன்ட் பயாலஜி' என்ற விஞ்ஞானப் பத்திரிகையில் இதைப்பற்றி ஒரு கணக்கு வெளிவந்தது. இந்தோனேஷியாவிலும் பிலிப்பைன்ஸிலும் பவளப் பாறைகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரைகளில் நூற்றுக்கு ஏறக்குறைய நாற்பதில், அந்த நாட்டு விஞ்ஞானி எவரும் ஆசிரியராக இல்லையாம். உலகத்துக் கடற்கரையில் நூற்றுக்கு எழுபது பங்கு வளர்ந்துவரும் நாடுகளில் இருக்க, கடலைப் பற்றிப் பேசும் சபைகளில் அந்த நாட்டார் எங்கே என்று டாக்டர் டி வோஸ் கேட்கிறார். நியாயமான கேள்வி.

ஆனால் வந்தவர்கள் எல்லாரையும் ஒரே தராசில் நிறுத்துவது நமக்குச் சம்மதமில்லை. 'ஒடிஸி' வந்திராவிட்டால் அந்த ஆறு திமிங்கிலங்களை இவர் அன்று பார்த்திருக்க முடியாது. 1982 முதல் 1984 வரை 'ட்யூலிப்' என்ற சிறு கப்பல் வந்து இலங்கையைச் சுற்றித் திமிங்கிலங்களை ஆராய்ந்தது. திருகோணமலைக் கடலில் நீலத் திமிங்கிலம் உலவுவதை அதில் வந்தவர்கள் நேரில் கண்டு எழுதினார்கள். அவர்களில் சிலர் முப்பது வருஷத்துக்குப் பிறகும் திரும்பி வந்து, உள்ளூர் ஆசிரியர்களோடு சேர்ந்து வேலை செய்தார்கள். அதனால் என்ன விளைந்தது என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

உண்மையில், பாரசூட்டில் இறங்குகிறவரைத் தடுக்கச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. 1982-ல் ஏற்பட்ட ஐக்கிய நாடுகள் கடற்சட்ட ஒப்பந்தத்தின்படி, கரையிலிருந்து 200 கடல் மைலுக்குள் பிற நாட்டார் ஆராய்ச்சி செய்யவேண்டுமானால் கரைக்குரிய தேசத்தின் சம்மதம் வேண்டும். அந்தத் தேசம் விரும்பினால் தன் விஞ்ஞானிகளை அந்தக் கப்பலிலேயே ஏற்றி அனுப்பலாம். செலவில் பங்கு கொடுக்க வேண்டியதில்லை. கண்டுபிடித்த விவரங்களையும் எடுத்த மாதிரிகளையும் கேட்டுப் பெறலாம். ஆகவே, கப்பலில் ஓர் இடம் நமக்கென்று எழுதிவைத்தே இருக்கிறது. அதில் உட்கார ஆள் எங்கே என்பதுதான் பிரச்னை. கருவியின் பெயர் தெரியாத ஓர் அதிகாரியை ஏற்றி அனுப்பினால் அவர் மூன்று வேளை சாப்பிட்டுவிட்டு இறங்கி வருவார். விவரங்களைப் பெட்டி பெட்டியாகக் கொடுத்தாலும் பிரித்துப் படிக்க ஆளில்லையென்றால் பெட்டி பெட்டியாகவே இருக்கும்.

இந்த இடத்தை நிரப்பிய கதை ஒன்று நம் பக்கத்திலேயே உண்டு. மேலே சொன்ன 1960-களின் சர்வதேச ஆராய்ச்சியில், எல்லாக் கப்பல்களும் ஒரே மாதிரியான வலையைப் பயன்படுத்தி மிதவை உயிர்களைப் பிடிக்க வேண்டும், பிடித்ததைக் கொச்சிக்கு அனுப்ப வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. அங்கே இந்து சமுத்திர உயிரியல் நிலையம் என்று ஒன்று இதற்காகவே ஏற்பட்டது. யுனெஸ்கோ உதவியது. வெளிநாட்டு நிபுணர்கள் வந்து கற்றுக்கொடுத்தார்கள். நம் இளைஞர்கள் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து இனம் பிரித்துக் கற்றுக்கொண்டார்கள். மாதிரிகள் நம் கரையிலேயே நின்றன. இந்திய முயற்சிக்குத் தலைமை தாங்கியவர் டாக்டர் என். கே. பணிக்கர். அவரும் லண்டனில் படித்துத் திரும்பியவர். மண்டபத்தில் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தை நடத்தியவர். கப்பல்களெல்லாம் போன பிறகு, 1966-ல், கோவாவைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியக் கடலாராய்ச்சி நிலையம் பிறந்தது. முதல் டைரக்டர் பணிக்கர்தான். கொச்சி நிலையமும் அதில் சேர்ந்தது. மாதிரிகள் மட்டும் ஐரோப்பாவுக்குப் போயிருந்தால் நமக்கு மிஞ்சியிருப்பது துறைமுகத்தில் எடுத்த போட்டோக்கள்தாம்.

இலங்கையில் அண்மையில் நடந்ததை இதோடு வைத்துப் பார்க்கலாம். 2022 ஆகஸ்டில் 'யுவான் வாங் 5' என்ற சீனக் கப்பல் அம்பாந்தோட்டைக்கு வந்தது. 2023 அக்டோபரில் 'ஷி யான் 6' வந்தது. ஆராய்ச்சியா, வேவு பார்த்தலா என்று டில்லியில் கவலை, வாஷிங்டனிலும் கவலை. 2024 ஜனவரி முதல் ஓராண்டுக்கு எந்த வெளிநாட்டு ஆராய்ச்சிக் கப்பலும் வேண்டாம் என்று கொழும்பு நிறுத்திவைத்தது. அப்போதைய வெளிநாட்டு மந்திரி அலி சப்ரி அதற்குச் சொன்ன காரணம், தங்கள் நாட்டார் திறமையை வளர்த்துக்கொண்டு இத்தகைய ஆராய்ச்சிகளில் சமபங்காளிகளாகக் கலந்துகொள்ள அவகாசம் வேண்டும் என்பது. ராஜதந்திர நெருக்கடிக்கு அது ஒரு சமாதானம் என்று பலர் சிரித்தார்கள். நமக்கோ, சொன்ன காரணம் சரியானதாகவும் கொடுத்த அவகாசம் போதாததாகவும் தோன்றுகிறது. பன்னிரண்டு மாதம் கப்பலை நிறுத்தலாம். பித்தளை தேய்த்த பெண் டாக்டராகத் திரும்பப் பத்து வருஷத்துக்கு மேல் பிடித்தது. அந்தச் செலவில் பெரும் பகுதியைப் பிற தேசத்துச் சர்வகலாசாலைகளின் வகுப்பறையும் ஆராய்ச்சிச் சாலையும் ஏற்றன என்பதையும் மறக்கக்கூடாது.

திரும்பியபின் அவர் செய்தது இன்னும் முக்கியம். 2008-லேயே இலங்கை நீலத் திமிங்கில ஆராய்ச்சியைத் தொடங்கியிருந்தவர், 2017-ல் 'ஓஷன்ஸ்வெல்' என்ற ஸ்தாபனத்தை ஏற்படுத்தி, உள்ளூர் மாணவர்களைப் பழக்க ஆரம்பித்தார். தமக்குக் கிடைக்காதது அடுத்தவருக்காவது உள்ளூரில் கிடைக்கட்டுமென்று செய்த காரியம்.

அதற்குள் திமிங்கிலத்துக்கு நேரமில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. இலங்கையின் தென்கோடியில் தேவேந்திரமுனையைச் சுற்றிப் போகும் கப்பல் பாதை உலகத்திலேயே நெரிசல் மிகுந்த பாதைகளில் ஒன்று. திமிங்கிலம் இரை தேடும் இடமும் அதுவே. 2012 மார்ச்சில் கொழும்புத் துறைமுகத்துக்குள் வந்த ஒரு சரக்குக் கப்பலின் மூக்கில், மடித்துப் போட்ட துணிபோல், செத்த நீலத் திமிங்கிலம் ஒன்று தொங்கியது. மாலுமிகளுக்கு மோதியது தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. அவ்வளவு பெரிய கப்பல்கள்.

முன்னே சொன்ன கூட்டு வேலை இங்கேதான் பயன்பட்டது. ருகுணு சர்வகலாசாலை ஆசிரியர் ஒருவர் முதற்பெயராக நிற்க, 'ட்யூலிப்' காலத்துப் பழைய கைகளான ஜோனதன் கார்டன் முதலியோர் உடனிருக்க, 2016-ல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வந்தது. எங்கே திமிங்கிலம், எங்கே கப்பல் என்று கடலில் எண்ணிப் படம் போட்டார்கள். பாதையைத் தெற்கே பதினைந்து கடல் மைல் தள்ளினால் மோதும் அபாயம் 95 சதவிகிதம் வரை குறையும் என்பது மதிப்பீடு. 2022-ல் எம்.எஸ்.ஸி. என்ற பெரிய கப்பல் கம்பெனி தன் கப்பல்களைத் தானாகவே தெற்கே தள்ளிப் போகச் செய்தது. நல்ல காரியம், ஆனால் அது மற்றக் கம்பெனிகளைக் கட்டாது. எல்லாக் கப்பலையும் கட்டவேண்டுமானால், லண்டனிலுள்ள சர்வதேசக் கடல்சார் ஸ்தாபனத்துக்கு இலங்கை அரசாங்கமே விண்ணப்பம் அனுப்ப வேண்டும். அதோடு சேர்த்து அனுப்ப வேண்டிய படமும் கணக்கும் இப்போது உள்ளூரிலேயே இருக்கின்றன.