பிரித்து வைக்கிறோம், யார் வந்து எடுப்பார்கள்?

எட்டாம் தரப் பிள்ளைகளுக்குச் சுற்றாடல் பாடம் நடந்துகொண்டிருந்தது. குப்பையை வகை வகையாகப் பிரித்து, நிறம் நிறமான தொட்டிகளில் போட வேண்டும் என்று கரும்பலகையில் எழுதினேன். பின் வாங்கில் இருந்த பிள்ளை ஒருத்தி எழும்பி, "பிரிச்சு வைக்கிறோம் டீச்சர், யாரு வந்து எடுப்பாங்க?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய லயத்துக்குக் குப்பை லொறி வருவதில்லை. பொலித்தீனைக் குவித்து எரிக்கிறார்கள். எரியாதது கானில் போய்ச் சேர்கிறது. மழை பெய்தால் கான் அடைத்து, தண்ணீர் தொங்கல் காம்பராவுக்குள் வருகிறது.

நுகர்வு மோகம் சுற்றாடலைக் கெடுக்கிறது என்று எல்லாப் பாடசாலைகளிலும் இன்று சொல்லிக் கொடுக்கிறோம். கட்டுரைப் போட்டி, பேச்சுப் போட்டி, சித்திரப் போட்டி எல்லாம் நடக்கிறது. சொல்லிக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் நாம் சொல்லும் முறையில், கடைசியில் குற்றவாளியாக நிற்பது அந்தப் பிள்ளையும் கொழுந்து எடுக்கும் அவளுடைய அம்மாவுமே. தோட்டப் பாடசாலையில் இந்தப் பாடத்தை வேறு இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. ஒரு பொருளைக் கையில் எடுத்ததும் பிள்ளைகள் நான்கு கேள்வி கேட்கப் பழக வேண்டும். இதை யார் செய்தார்கள்? யாருக்கு இலாபம்? யார் காசு கொடுத்தார்கள்? குப்பை யார் வாசலில் கிடக்கிறது?

ஷாம்பு பக்கெட்டையே எடுத்துக்கொள்வோம். பெரிய போத்தல் வாங்கினால் மலிவு என்பது நமது பெண்களுக்குத் தெரியாததல்ல. சம்பளத்துக்கும் அட்வான்சுக்கும் இடைப்பட்ட நாட்களில் கையில் மிஞ்சும் காசுக்குப் பக்கெட்தான் கிடைக்கும். ஒரு மில்லிலீற்றர் என்ன விலை என்று பக்கெட்டுக்கும் போத்தலுக்கும் கணக்குப் பார்த்து வரும்படி பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பிப் பாருங்கள். கணித பாடமும் நடக்கும், காசில்லாதவர் எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கிறார் என்பதும் விளங்கும்.

20 மில்லிலீற்றரும் அதற்குக் குறைவானதுமான பக்கெட்டுகளை அரசாங்கம் 2021 மார்ச் 31 முதல் தடை செய்தது. உணவுக்கும் மருந்துக்கும் விலக்கு இருந்தது. பிறகு நடந்ததையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். பெரிய கம்பனி ஒன்று 6 மில்லிலீற்றர் பக்கெட் நான்கைச் சேர்த்து ஒன்றாக விற்று, இந்தத் தடையைத் தாண்டப் பார்த்ததாக 2022இல் ரொய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நாலு ஆறு இருபத்துநாலு. மூன்றாம் தரப் பிள்ளைக்கும் தெரிந்த வாய்ப்பாடு இது. இப்படிப்பட்ட கணக்கைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், பக்கெட்டைக் கானில் போட்ட பிள்ளையை மட்டும் முட்டுக்காலில் நிறுத்துவது நியாயமா?

ஓரிடத்தில் அனுபவிப்பதும் இன்னோரிடத்தில் கேடு விளைவதும் மாத்தளைக்குப் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர் வீட்டுக் கோப்பிக்காகத்தான் இந்த மலைகளின் காடுகள் வெட்டப்பட்டன. அந்தக் காட்டை வெட்டவும் கோப்பி பறிக்கவும் நமது மூதாதையர் மன்னார்ப் பக்கம் கரையிறங்கி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். பசியிலும் கொலராவிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஆயிரக்கணக்கில். 1869இல் கோப்பி இலையில் நோய் கண்டது. கோப்பி அழிந்த இடத்தில் தேயிலை வந்தது. போன காடு திரும்பி வரவில்லை. நுகர்வு என்ற சொல்லை விளக்க நமது பிள்ளைகளுக்கு இதைவிடக் கிட்டிய உதாரணம் இல்லை.

இன்றைய தேயிலையையும் பார்ப்போம். பிளாஸ்டிக் இழையால் செய்த ஒரு தேயிலைப் பையைக் கொதிநீரில் இட்டால், சுமார் 1,160 கோடி நுண்பிளாஸ்டிக் துகள்கள் வெளியாகின்றன என்று கனடாவின் மக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் கண்டார்கள். அம்மா எடுத்த கொழுந்தில் பிளாஸ்டிக் இல்லை. அழகுக்கும் அவசரத்துக்குமாக அதைச் சுற்றியவர்கள் வேறு ஆட்கள்.

குப்பை யார் வாசலில் சேர்கிறது என்ற கேள்விக்கு மீதொட்டமுல்லை பதில் சொல்லும். கொழும்பு நகரம் வீசியதெல்லாம் அங்கே ஏழைகளின் வீடுகளுக்குப் பக்கத்தில் மலையாகக் குவிந்தது. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு அன்று, அந்த மலை சரிந்தது. 32 பேர் இறந்தார்கள். அவர்கள் வீசிய குப்பையா அது?

இதையெல்லாம் சொல்லிவிட்டு, நம்மில் பிழையே இல்லை என்றும் சொல்ல முடியாது. தீபாவளி முற்பணம் கைக்கு வந்த வாரத்தில் நமது லயங்களைப் பாருங்கள். பக்கத்துக் காம்பராவில் வாங்கிவிட்டார்கள் என்பதற்காக வாங்கும் பொருட்கள் எத்தனை? இரண்டு நாளில் உடையும் விளையாட்டுச் சாமான்கள் எத்தனை? சாமான் உடைந்து கானில் கிடக்கும்போதும் அதற்கான காசு மாதாமாதம் சம்பளத்தில் வெட்டுப்படுகிறது. ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்காக ஆண்டுக்கணக்கில் கத்தி, 2021இல்தான் பெற்றோம். அப்படி வாங்கிய சம்பளத்தை விளம்பரக்காரன் சுலபமாகக் கொண்டுபோக விடலாமா? ஆசைப்படாதே என்று பிள்ளைக்குச் சொல்வதில் பயனில்லை. இந்த ஆசையை யார் மூட்டினார்கள் என்று அவளே யோசிக்கட்டும்.

இனி, அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன். யார் வந்து எடுப்பார்கள்? 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களுக்குள் சபை வேலை செய்யத் தடையாக இருந்தது. வாக்கு மட்டும் நம்முடையது, வீதியும் லொறியும் மற்றவர்களுக்கு என்ற நிலை. 2018இல் சட்டம் திருத்தப்பட்டு, தோட்டங்களிலும் சபை வேலை செய்ய வழி பிறந்தது. ஆனால் லொறி தானாக லயத்துக்கு ஏறி வராது. சபையிலும் நிர்வாகத்திடமும் கேட்க வேண்டியவர்கள் நாம்.

ஆகவே தோட்டக் கமிட்டிகளிடம் மூன்று காரியங்களைக் கேட்கிறேன். முதலாவது, வாரம் ஒரு நாள் குப்பை லொறி வர வேண்டும் என்ற கோரிக்கையை எழுத்தில் வைத்து, சம்பளப் பிரச்சினையைப் போலவே நிர்வாகத்துடனும் பிரதேச சபையுடனும் பேசுங்கள். இரண்டாவது, நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து சவர்க்காரத் தூள், தேங்காயெண்ணெய், பருப்பு போன்றவற்றை மொத்தமாக வாங்கிப் பங்கிட்டுக்கொள்ள மாதர் குழுக்கள் முன்வரட்டும். காசும் மிஞ்சும், பக்கெட்டும் குறையும். 2025 நவம்பர் முதல் கடையில் சொப்பிங் பேக்குக்கும் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது. பழைய துணிப்பையைத் தேடி எடுப்பதற்கு இதுவே நல்ல சமயம்.

மூன்றாவது, நமது சங்கத்துக்கே. மே தினத்தன்று பஸ்ஸில் போகிறோம், கோஷம் போடுகிறோம். திரும்பும்போது லஞ்ச் ஷீட்டும் தண்ணீர்ப் போத்தலும் பிளாஸ்டிக் கொடியும் வீதியெல்லாம் கிடக்கின்றன. அதை மறுநாள் விடியற்காலையில் கூட்டி அள்ளுகிறவரும் ஒரு தொழிலாளிதான். வருகிற மே தினத்துக்கு வாழை இலையில் சோறு கட்டுவோம், வீட்டுப் போத்தலில் தண்ணீர் கொண்டுபோவோம், துணிக்கொடி பிடிப்போம். பெரியவர்கள் செய்வதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த முறை அந்தப் பாடம் எடுக்கும்போது, பின் வாங்குப் பிள்ளைக்கு லொறி வரும் நாளைச் சொல்ல ஆசைப்படுகிறேன்.