கிலோ விலையும் நூறு கிராம் விலையும்

விலைவாசி ஏறும்போதெல்லாம் மலையகத் தோட்ட மக்களுக்கு ஒரு புத்திமதி இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. கோதுமை மா ஏறினால் சோறு சாப்பிடுங்கள். அரிசி ஏறினால் மரவள்ளி, வற்றாளை, பலாக்காய் சாப்பிடுங்கள். மேடையில் நிற்பவர்களும் சொல்கிறார்கள், நமது கடைகளில் கல்லாவில் இருப்பவர்களும் சொல்கிறார்கள். "இந்த ஆட்களுக்கு ரொட்டி இல்லாவிட்டால் தொண்டையில் எதுவும் இறங்காது" என்று நமது வியாபாரிகள் சிலர் சலித்துக்கொள்வதைக் காதால் கேட்டிருக்கிறேன். நோட்டன் பிரிட்ஜில் நெடுங்காலமாகப் பலசரக்குக் கடை நடத்துபவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த ரொட்டியில் நாக்கு ருசியைவிடக் கணக்குத்தான் அதிகம்.

கொழுந்தெடுக்கும் பெண் விடிந்ததும் பெரட்டுக்குப் போகவேண்டும். அதற்குள் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஆயத்தப்படுத்த வேண்டும். இருப்பது ஓர் அடுப்பு. விறகோ வருடத்தில் பாதி நாள் ஈரம். சோறாக்கினால் அதோடு ஒரு கறியாவது வேண்டும். அரிசிக்கு ஒரு செலவென்றால் கறிக்கு இன்னொரு செலவு. ரொட்டிக்கு மா, உப்பு, ஒரு பிடி தேங்காய்ப்பூ, தண்ணீர் போதும். தொட்டுக்கொள்ள நாலு செத்தல் மிளகாயும் வெங்காயமும் வைத்து இடித்த சம்பல். காலையில் சுட்டதில் இரண்டைத் துணியில் சுற்றி மலைக்கு எடுத்துப் போனால் பகல் சாப்பாடும் முடிந்தது. மழையிலும் குளிரிலும் ஏறி இறங்குகிறவருக்குப் பகல்வரை வயிற்றில் நிற்பதும் அதுதான். மரவள்ளி நடச் சொல்கிறவர்கள், லயத்து வாசலில் நடுவதற்கு எத்தனை அடி நிலம் இருக்கிறது, அந்த நிலம் யாருடையது என்று முதலில் விசாரிக்கட்டும். நட்டதைக் காட்டுப்பன்றி விட்டு வைக்கிறதா என்பது அடுத்த கேள்வி.

மாவை இந்த மக்கள் தாமாகத் தேடிப் பிடித்துக்கொண்டு வரவுமில்லை. அமெரிக்காவின் பீ.எல். 480 திட்டத்தின் கீழும் வேறு வழிகளிலும் மலிவு மா நாட்டுக்குள் வந்தது. 1980இல் திருகோணமலையில் பிரிமா ஆலை இயங்கத் தொடங்கியது. மா மலிவாகவும் தடையின்றியும் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் ஒரு தலைமுறை வளர்ந்தது. அதற்கு முந்திய தலைமுறை 1973, 1974ஆம் ஆண்டுப் பஞ்சத்தைக் கண்டது. அரிசியை ஊர்விட்டு ஊர் கொண்டுபோகக் கட்டுப்பாடு, பாணுக்கு வரிசை. தோட்டங்களில் இறப்பு வீதம் கடுமையாக உயர்ந்த காலம் அது. கொஞ்சம் மா வீட்டிலிருந்தால் மனதுக்குத் தைரியம் என்று இன்றைக்கும் முதியவர்கள் நினைப்பது அந்தக் காலத்தின் மிச்சம்.

நாட்சம்பளம் போதுமா போதாதா என்று பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். நான் அதை மாவாக மாற்றிப் பார்க்கிறேன். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அந்த வருட நடுப்பகுதியில் ஒரு கிலோ மா நூறு ரூபாவை ஒட்டி இருந்தது. ஒரு நாள் பேருக்கு ஏறக்குறைய 10 கிலோ. 2022 மார்ச்சில் ரூபாவின் பெறுமதியை விட்டுவிட்டார்கள். சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் இரண்டு மாதத்தில் 350ஐத் தாண்டியது. அவ்வருடம் செப்டெம்பர் அளவில் மா 400ஐத் தொட்டது. அதே 1,000 ரூபாவுக்கு இப்போது இரண்டரைக் கிலோ. அம்மாதம் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம் என்று அறிவித்தார்கள். எங்கள் பக்கத்தில் அதற்குச் சுட்டெண் தேவைப்படவில்லை. 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆனது. மா 200ஐ ஒட்டி இறங்கியிருந்தது. ஏழு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஆக, சம்பளம் ஏறியும் 2021இல் வாங்கிய மாவை வாங்க முடியவில்லை. இது முழுப்பேர் கணக்கு. கொழுந்து குறைந்து அரைப்பேர் போட்டால் என்ன ஆகும் என்பதை வாசகர்களே பார்த்துக்கொள்ளலாம்.

மா இவ்வளவு ஏறியும் மா வாங்குவது குறையவில்லை. குறைந்தது அதன் பக்கத்தில் வைப்பவை. இதை முதலில் காண்பவன் கடைக்காரன். நெத்தலிக் கருவாடு 250 கிராம் வாங்கியவர் 100 கிராமுக்கு வந்தார், பிறகு 50 கிராம். பருப்பு அப்படியே. முட்டை, சின்னப் பிள்ளை உள்ள வீட்டுக்கு மட்டும். பால்மாவைச் சொல்லவே வேண்டாம். 400 கிராம் பக்கற் 2021 ஒக்டோபரில் 380இலிருந்து 480 ஆனது, டிசம்பரில் 540, 2022 மார்ச்சில் 790. அரை வருடத்தில் இரட்டிப்புக்கும் மேல். நாட்டுக்கே தேயிலை கொடுப்பவர்கள் வீட்டில் தேத்தண்ணியில் பால் நின்றுபோனது. 2024 கடைசியிலும் 2025இலும் தேங்காய் ஒன்று 200 ரூபாவைத் தாண்டியபோது பாதித் தேங்காய் கேட்டார்கள். தேங்காய்ப்பூ இல்லாத ரொட்டி ஆறினால் தோல் மாதிரி இழுபடும். அதையும் சாப்பிட்டார்கள். வயிறு நிறைந்தது, சத்து குறைந்தது. 2022இல் ஐ.நா. அமைப்புகள் இலங்கையில் 63 இலட்சம் பேர் உணவுப் பாதுகாப்பு இல்லாதிருப்பதாகக் கணித்தபோது, பெருந்தோட்டத் துறையின் நிலைமைதான் ஆக மோசம் என்றன.

இனி நமது பக்கத்துக்கு வருகிறேன். பதுக்கல் ஹராம் என்பதை நமது வியாபாரிகளுக்கு நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. ஜும்ஆக்களில் வேண்டியமட்டும் கேட்டுவிட்டோம். 2020 ஒக்டோபரில் சீனி மீதான விசேட வரியை 50 ரூபாவிலிருந்து 25 சதமாகக் குறைத்தார்கள். நுகர்வோருக்கு அதில் ஒன்றும் வந்து சேரவில்லை. மறுவருடம் சீனி 200ஐத் தாண்டி, அவசரகாலச் சட்டவிதி போட்டுக் களஞ்சியங்களைத் திறந்து, செப்டெம்பரில் 122 ரூபா என்று விலை குறித்தார்கள். அந்த இலாபம் எங்கேயோ பெரிய இடத்தில் தங்கியது. ஏச்சு மட்டும் ஹட்டன், மஸ்கெலியா, நோட்டன் சில்லறைக் கடைகளுக்கு வந்தது.

கஷ்டமான கேள்வி வேறு. இரவோடு இரவாக விலை ஏறுகிறது. கடையில் பழைய விலைக்கு வாங்கிய பத்து மூட்டை இருக்கிறது. பழைய விலைக்கு விற்றால் அந்தக் காசில் அடுத்த தடவை ஆறு மூட்டைதான் எடுக்கலாம். 2022இல் இறக்குமதிக்கு டொலர் இல்லாமல் கொள்கலன்கள் துறைமுகத்தில் கிடக்க, புறக்கோட்டையில் காசைக் கையில் வைத்தால்தான் சாமான் என்றார்கள். ஜூனில் டீசல் 460 ரூபா ஆனது, அதுவும் கிடைக்கவில்லை, லொறிக் கூலி இஷ்டத்துக்கு ஏறியது. எனவே புது விலைக்கு விற்ற எல்லோரையும் கொள்ளைக்காரர் என்று நான் சொல்லமாட்டேன். மக்கள் விலை குறித்துத் தரும்படி கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள் என்ற ஹதீஸை நமது வியாபாரிகள் நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறார்கள். ஆனால் 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் மலையகப் பாதைகள் மண்சரிந்து மூடுண்டபோது, முந்தின வாரம் வந்த மெழுகுவர்த்திக்கும் மாவுக்கும் விலை கூட்டினால் அதற்கு எந்தக் கூலியைக் காட்டுவது? அங்கே ஏறியது நமது செலவு அல்லவே. கொப்பிக்காரருக்குக் கையிலுள்ள மூட்டை முடியும்வரை பழைய விலை, அதற்குப் பிறகு சொல்லிவிட்டுப் புது விலை என்பது எனது வழக்கம். இதைப் பைத்தியக்காரத்தனம் என்கிற நண்பர்களும் உண்டு.

பதுக்கலைவிட எனக்கு உறுத்துவது சின்ன அளவின் விலை. பருப்பு கிலோ 300 ரூபா என்று வைத்துக்கொள்வோம். 100 கிராம் 35. மாதத்துக்குச் சேர்த்து ஒரு கிலோ வாங்கும் உத்தியோகத்தர் 300 கொடுக்கிறார். பத்துத் தடவை நூறு நூறு கிராமாக வாங்கும் தோட்டத்து அக்கா 350 கொடுக்கிறார். ஊரில் ஆக வறியவர், ஆகக் கூடிய விலைக்கு வாங்குகிறார். பைக் காசு, சிந்தல், நேரம் என்று நாம் காரணம் சொல்லலாம். பத்துப் பைக்கும் சிந்தலுக்கும் சேர்த்துப் பார்த்தாலும் கிலோவுக்கு இருபது ரூபாவுக்கு மேல் எனக்கு வரவில்லை. அளவை நிறுவையில் குறைப்பவர்களைப் பற்றி ஒரு சூராவே, ஸூரத்துல் முதஃப்பிபீன், இறங்கியிருக்கிறது. நூறு கிராமை நூறு கிராமாகவே நிறுக்கிறோம், எனவே அது நம்மைப் பற்றியதல்ல என்று தேறிக்கொள்ளலாம். எனக்கு அவ்வளவு தைரியமில்லை.

சில்லறை இல்லை என்பது அடுத்த சாக்கு. 32 ரூபாவுக்கு யாரிடம் இரண்டு ரூபாக் குற்றி இருக்கிறது என்பார்கள். நியாயம்தான். அப்படியானால் 35ஐ வாங்கிக்கொண்டு 110 கிராம் போடலாம். நிறுப்பவர் தாழ்த்தி நிறுத்துக் கொடுக்கட்டும் என்று நபியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும்.

கடன் கொப்பியிலும் இதே கதைதான். தோட்டத்தில் சம்பளம் மாதத்தின் 10ஆம் திகதியை ஒட்டிப் போடுவார்கள். அதற்கு முந்தின இரண்டு வாரமும் கொப்பியில்தான் ஓடும். கைக்காசுக்கு ஒரு விலை, கொப்பிக்கு ஒரு விலை எழுதும் கடைகள் உண்டு. தவணைக்கு விற்கும்போது விலையை முன்கூட்டியே பேசி, கூட வைக்க மார்க்க அறிஞர்களில் பெரும்பாலானோர் இடம் கொடுக்கிறார்கள். முன்கூட்டியே பேசி என்பதுதான் அதில் முக்கியம். நமது கொப்பிகளில் எத்தனை விலைகள் பேசி எழுதப்பட்டவை? பிள்ளையை அனுப்பி "நானா, அம்மா அரைக் கிலோ மா வாங்கி வரச் சொன்னாங்க" என்றால், விலை கேட்க அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா?

2025 நவம்பரில் முன்வைக்கப்பட்ட 2026ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் நாட்சம்பளத்தை 1,750 ரூபாவாக உயர்த்த முன்மொழிந்தார்கள், அதில் 200 ரூபா அரசாங்கத்தின் வருகைக் கொடுப்பனவு. கையில் கூடுதலாக வரும் காசில் நூறு கிராமின் விலை எவ்வளவைத் திருப்பி எடுக்கப்போகிறது என்று நமது ஊர் வியாபாரிகள் பள்ளிவாசலில் ஒரு நாள் உட்கார்ந்து பேசலாம். எனது யோசனை சிறியது: கடை முன்னால் விலைப்பலகை வைக்கிறோமே, அதில் கிலோ விலைக்குப் பக்கத்திலேயே நூறு கிராம் விலையையும் எழுதுவோம். கொப்பி விலை வேறென்றால் அதையும் எழுதுவோம். அந்தப் பெண்களுக்குக் கணக்குத் தெரியாது என்று யாரும் பயப்பட வேண்டாம். கொழுந்து நிறுக்கும் இடத்தில் தண்ணீருக்கும் சாக்குக்கும் என்று எத்தனை கிலோ வெட்டுகிறார்கள் என்பதைத் தினமும் நின்று பார்ப்பவர்கள் அவர்கள்.